38 வயதிலேயே எப்போதும் சோர்வு. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டுக்கொள்ளலாமா?

இன்னொரு குழந்தை வேண்டும் என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். குழந்தை வேண்டுமென்றால் இப்போது அந்த ஊசி வேண்டாம்.

எனக்கு வீடு கம்பத்தில், ஏலக்காய் வியாபாரம் குமுளியில். 39 வயதில் எனக்கும் இதே நிலைமை. மதியமானால் கண் செருகும், ஆசை என்பதே இல்லை. ஒருநாள் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தேன், டெஸ்டோஸ்டிரோன் 270 என்று வந்தது. ஜிம்மில் ஒருவர் ஊசிக்கு ஏற்பாடு செய்தார். முதல் இரண்டு மாதம் உடம்பு பறந்தது உண்மை. ஆனால் நாங்களும் அப்போது இரண்டாவது குழந்தைக்குக் காத்திருந்தோம். எட்டு மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்தால் அணு ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளை மனைவியிடம் நீட்டிய நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கோட்டயத்தில் ஒரு ஹார்மோன் மருத்துவர்தான் புரியவைத்தார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரையை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் போதும் என்று நிறுத்திவிடும். வெளிச்சரக்கு வந்து குவிந்தால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? அதே கதைதான். விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள் வேண்டும். ஊசியால் அந்த அளவு அங்கே சேராது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கூர்க்கம்வலி உண்டோ?" குறட்டையைக் கேட்கிறார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி "உண்டு சார்" என்றாள். தூக்கத்தில் மூச்சு அடைக்கும் ஸ்லீப் அப்னியா, தொப்பை, அப்போதுதான் தலைகாட்டிய சர்க்கரை. என் சோர்வு அங்கேதான் இருந்தது. 11 கிலோ இறங்கியதும் ஊசி இல்லாமலே 430 வந்தது.

அப்புறம், சாயங்காலம் எடுத்த அந்தப் பரிசோதனையே தப்பு. இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் எடுக்க வேண்டும். இரண்டு தடவையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்து, அறிகுறியும் இருந்தால்தான் பொதுவாகக் குறைபாடு என்பார்கள்.

ஊசியே கூடாது என்று சொல்லவில்லை. என் சித்தப்பா மகனுக்குப் பிட்யூட்டரியில் கட்டி வந்து எடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் அவன் பழையபடி நடமாடினான். அவனுக்கும் ரத்தம் கெட்டியாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே குறைவு என்று வந்தாலும், விரையையே வேலை செய்யத் தூண்டும் குளோமிஃபீன், ஹெச்சிஜி போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் குழந்தை வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். எனக்கு ஊசி போட்டவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.