தொண்டைக்கு கேட்ட மாத்திரை படர்தாமரைக்கு ஏன் கேக்காது?

கேள்வி: வயசு 34, லாரி ஷெட்ல வேலை. தொண்டை வலிக்கு குடுத்த அமாக்ஸிசிலின் நாலே நாள்ல கேட்டுச்சு. தொடை இடுக்குல 3 மாசமா படர்தாமரை, மெடிக்கல்ல வாங்கின க்ரீம் போட்டா அரிப்பு நிக்குது, விட்டா முன்னவிட பெருசா வருது. மிச்சம் 6 அமாக்ஸிசிலின் இருக்கு, போடலாமா டாக்டர்? ரெண்டும் கிருமி தானே?

பதில்: போடாதீங்க தம்பி. கிருமி தான், ஆனா ஒரே வகையறா இல்ல.

தொண்டைக்கு அந்த மாத்திரை அடிக்கிறது பாக்டீரியாவை. அது புரோகேரியோட் செல், ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, நியூக்ளியஸ் கிடையாது, டிஎன்ஏ சும்மா உள்ள சுருண்டு கிடக்கும், சைஸும் ஒரு மைக்ரான் ரெண்டு மைக்ரான் தான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), நம்ம ரத்த சிவப்பணுவே 7 மைக்ரானுக்கு மேல. அதைச் சுத்தி பெப்டிடோகிளைக்கான்னு ஒரு சுவர் இருக்கு. அமாக்ஸிசிலின் அந்த சுவரை ஒழுங்கா கட்ட விடாது, பாக்டீரியா வளர வளர சுவர் விட்டுப்போயி தண்ணி உள்ள ஏறி வெடிச்சிரும். நம்ம செல்லுக்கு சுவரே கிடையாது, அதான் நம்மள விட்டுடுது.

படர்தாமரை ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. அது யூகேரியோட், அதாவது நம்ம கட்சி. நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா எல்லாம் நமக்கு இருக்குற மாதிரியே. சுவர் இருக்கு, ஆனா கைட்டின், குளுக்கான்ல கட்டினது, அமாக்ஸிசிலினுக்கு அங்க வேலையே இல்ல. அட, அமாக்ஸிசிலினோட குடும்பத்து மூத்த மருந்து பெனிசிலினே 1928ல லண்டன்ல விஞ்ஞானி ஃப்ளெமிங் பாக்டீரியா வளத்த தட்டுல வந்து விழுந்த பூஞ்சை சுரந்தது தானே, பூஞ்சை சுரந்ததை பூஞ்சைக்கே குடுத்தா அது என்ன பண்ணும்?

நம்மள மாதிரியே இருக்குற ஒண்ண மட்டும் பாத்து அடிக்கறது கஷ்டம். நம்ம செல் சவ்வுல கொலஸ்ட்ரால், ஃபங்கஸ்ல அதுக்கு பதிலா எர்கோஸ்டெரால். டெர்பினாஃபின், இட்ராகோனசோல்னு ஃபங்கஸ் மருந்து எல்லாம் அந்த எர்கோஸ்டெரால் தயாராகுற இடத்துல தான் கை வைக்குது. மாத்திரையா குடுக்கணும்னா லிவர் எப்படி இருக்குன்னு பாத்துட்டு தான் குடுப்போம்.

இப்ப அந்த க்ரீம் ட்யூபை திருப்பி பாருங்க. குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன்னு ஏதாவது போட்டிருந்தா அது ஸ்டீராய்டு, உடனே நிறுத்துங்க. அரிப்பை அமுக்கும், கூடவே தோலோட எதிர்ப்பையும் படுக்க வச்சிரும், அப்புறம் ஃபங்கஸுக்கு கொண்டாட்டம் தான். எங்க ஓபியில தினமும் பாக்குறேன், வளையத்துக்குள்ள வளையமா படர்ந்திருக்கும், தொடை தோல் மெலிஞ்சு வரி வரியா கிழிஞ்ச மாதிரி இருக்கும், அந்த வரி அப்புறம் போகவே போகாது.

தோல் டாக்டரை பாருங்க. லேசா சுரண்டி கேஓஹெச்னு ஒரு கரைசல் சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஃபங்கஸ் நூல் நூலா தெரிஞ்சிரும். மருந்து வாரக்கணக்குல ஓடும், அரிப்பு நின்னதும் விட்டுறாதீங்க, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. துண்டு, ஜட்டி தனியா துவைச்சு வெயில்ல காயப்போடுங்க, வீட்ல வேற யாருக்காவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, இல்லன்னா மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கும். அந்த 6 மாத்திரை மிஞ்சினதே தப்பு, கோர்ஸை முடிச்சிருக்கணும், அதை எடுத்து வச்சு வேற யாருக்கும் குடுக்காதீங்க.