உப்புக் காற்றில் எந்த வண்டி?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் பைக் மெக்கானிக் ஷெட் போட்டு 29 வருஷம் ஆகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, கேள்வி என்பதைவிட பஞ்சாயத்து. படித்துவிட்டுக் கையெல்லாம் கிரீஸோடுதான் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, எனக்கு யமஹா ஆர்எக்ஸ் 100தான் வண்டி. என் மச்சானுக்குப் புல்லட்தான் வண்டி, மற்றதெல்லாம் சைக்கிளாம். ஒரு வருஷமாகச் சண்டை ஓயவில்லை. நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.
– வாசகர், தங்கச்சிமடம்

தம்பி, மச்சான் சண்டையில் மூக்கை நுழைத்தவன் உருப்பட்டதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆர்எக்ஸ் 100 இங்கே 1985-ல் வந்தது, 1996-ல் நின்றது. வெறும் 98 சிசி. ஆனால் டூ ஸ்ட்ரோக் என்பதால் இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. வண்டியின் எடையோ நூறு கிலோ சொச்சம். அதனால்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி போகிறது. இன்று விற்பனைக்கு வருபவற்றில் முக்கால்வாசி சைலன்சரை நோண்டிய வண்டிகள். உள்ளே இருக்கும் குழலை உருவிவிட்டால் சத்தம் கூடும், அதோடு சரி. அடி இழுவை போய்விடும். டூ ஸ்ட்ரோக்குக்கு சைலன்சரும் இன்ஜினில் ஒரு பாகம்தான் என்று சொன்னால் பையன்கள் கேட்பதில்லை. வாங்குவதற்கு முன்னால் ஆர்சி புக்கில் இருக்கும் இன்ஜின் நம்பரையும் இன்ஜினில் குத்தியிருக்கும் நம்பரையும் விரலால் தடவிப் பாருங்கள். ராவி மறுபடி குத்தியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும்.

இனி உங்கள் மச்சான் கட்சி. புல்லட், 1955-ல் மெட்ராசில் கம்பெனி தொடங்கிச் செய்த வண்டி. ராணுவத்துக்காக வந்தது, திருவொற்றியூரில் உருவானது. பழைய 350-ல் பிஸ்டன் அகலம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. இந்த நீள ஓட்டம்தான் அந்த டுபுடுபு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு சடங்கு: ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, அப்புறம் ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த பாய் வலது கணுக்காலில் ஒரு தழும்போடுதான் நடமாடினார். இப்போது வருகிற 349 சிசி வண்டிகளில் இதெல்லாம் கிடையாது. பட்டனைத் தொட்டால் போதும். உங்கள் மச்சான் எந்தப் புல்லட்டைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். பட்டன் புல்லட் என்றால் வாதத்தில் அவருக்குப் பாதி மார்க்தான்.

சரி, தீர்ப்பு. ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன் பாலத்தில் இரண்டே கால் கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். ஆர்எக்ஸ் உங்களைக் கேட்காமலே ஓரத்துக்கு நகரும். 195 கிலோ வண்டி தலையைக்கூட ஆட்டாது. பாலத்தை விட்டு இறங்கி உங்கள் ஊர் மணல் சந்துக்குள் நுழைந்தால் கதை மாறும். புல்லட்டை நிறுத்தினால் சைடு ஸ்டாண்டு புதையும். அடியில் வைக்கப் பனைமட்டைத் துண்டு தேடவேண்டும். ஆர்எக்ஸைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். பாலத்தில் மச்சான் ஜெயிக்கிறார், சந்தில் நீங்கள். மறுவிசாரணை கிடையாது.

வேலை துபாயில். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வாங்க ஆசை. என் காக்கா (அண்ணன்), ஹோண்டா சிபி 350 போதும் என்கிறார். எது நல்லது?
– வாசகர், கீழக்கரை

இரண்டுமே நல்ல வண்டி. 650-ல் இரண்டு சிலிண்டர், 648 சிசி. மதுரை ரோட்டில் கை வலிக்காது, அதிர்வே தெரியாது. கீழக்கரைத் தெருக்களில் அதைத் திருப்புவதற்குள் எதிரே ஒரு ஆட்டோ வந்துவிடும் என்பது வேறு விஷயம். சிபி 350 லேசு, சாதுவான வண்டி.

ஆனால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுவல்ல. மிச்சம் பத்து மாதம் வண்டி எங்கே நிற்கும்?

போன வருஷம் இதே மாதிரி லீவுக்கு வந்த ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், வண்டி மேல் தப்பில்லை. கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. வீட்டுக்காரர்கள் அக்கறையாகப் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் வெளியே நிறுத்திய வண்டியைவிட மோசம். ராத்திரி ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல், ஸ்போக் நிப்பிள் ஒவ்வொன்றும் துரு. அலுமினியம் எல்லாம் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பைப்பில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள். அந்தப் புள்ளியை லேசாக நினைக்காதீர்கள். பைப் ஏறி இறங்கும்போது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல்-ஐ அது ரம்பம் மாதிரி அறுக்கும். ஆயில் சீல்-ஐ மாற்றினாலும் ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும். கடைசியில் பைப்பையே மாற்றினோம்.

அதனால் பழைய நூல் சேலை போட்டு மூடுங்கள், அது மூச்சு விடும். வண்டி வீட்டுக்குள் நிற்கட்டும். பேட்டரி வயரைக் கழற்றி வைக்கலாம். அதைவிட நல்லது, நம்பிக்கையான ஒரு பையனிடம் சாவி கொடுத்து 15 நாளுக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது பாசம் மாதிரி தெரியும், ஆனால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். ஓட்ட ஆள் கிடைத்தால் 650. இல்லையென்றால் உங்கள் காக்கா சொல்வதைக் கேளுங்கள்.

மீன் வியாபாரம். ஐஸ் பெட்டியோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகவேண்டும். எக்ஸ்எல் 100 வாங்கவா, பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கவா, சொல்லுங்க தம்பி.
– வாசகி, தேவிபட்டினம்

எக்ஸ்எல்தான் அக்கா, யோசிக்கவே வேண்டாம். கிளட்ச் பிடிக்க வேண்டாம், கியர் போட வேண்டாம், சேலையோடு காலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். காலுக்கு முன்னால் ஒரு சாமான், பின்னால் பெட்டி. இப்போது வருவது 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், பழைய எக்ஸ்எல் மாதிரி புகை கிடையாது. ஸ்ப்ளெண்டர் இன்ஜின் தங்கம்தான், ஆனால் பெட்டியை வைத்துக் கட்டினால் நீங்கள் டேங்க் மேல்தான் உட்காரவேண்டும்.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். பெட்டியிலிருந்து சொட்டுகிற ஐஸ் தண்ணீர் கடல் தண்ணீர் மாதிரியே பொல்லாதது. மீன் கழுவின உப்பு அத்தனையும் அதில்தான். சொட்டுகிற மூலையில் சின்ன ஓட்டை போட்டு ஒரு குழாய் செருகி, தண்ணீர் செயினையும் சைலன்சரையும் தொடாமல் தரையில் விழும்படி பண்ணுங்கள். குழாய்க்கு இருபது முப்பது ரூபாய்தான் ஆகும்.

தினமும் வண்டியைக் கழுவுகிறேன். அப்படியும் துரு பிடிக்கிறதே?
– வாசகர், மண்டபம்

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? போர்த் தண்ணீர் என்றால் உப்பை உப்பால் கழுவுகிறீர்கள். காவிரிக் குடிநீர் வருகிற நாளில் அரைக் குடம் எடுத்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டியை வாசலில் விடுங்கள். அது போல வாட்டர் சர்வீஸ் எந்த ஊரிலும் கிடையாது. காய்ந்ததும் செயினுக்கு ஆயில் விட மறக்காதீர்கள்.

டியூப்லெஸ் நல்லதா, டியூப் டயர் நல்லதா?
– வாசகர், சாயல்குடி

சீமைக்கருவேல முள் இருக்கிற வரைக்கும் நம் மாவட்டத்துக்கு டியூப்லெஸ். முள் ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். முள்ளைப் பிடுங்காமல் ஷெட் வரை வாருங்கள், அதுதான் அடைப்பான். ஸ்போக் வீல் ஆசையில் டியூப் போட்டவர்கள், பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவச் சொல்லுங்கள். ஒடிந்த முள் நுனி உள்ளேயே இருந்தால் மறுநாளும் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் கோபித்துக்கொள்ளத்தான் செய்வார்.

மைலேஜ் அதிகம் தரும் வண்டி எது?
– வாசகர், திருப்புல்லாணி

அடுத்தவன் வண்டி. விளையாட்டுக்குச் சொன்னேன். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்த வண்டி எது?
– வாசகர், ராமேஸ்வரம்

ஓட்டுவது ஸ்ப்ளெண்டர். செயினுக்கு முழு மூடி இருக்கிறது, இந்தக் கடற்கரையில் எனக்கு அது போதும்.

பிடித்தது யெஸ்டி. மைசூரில் செய்த வண்டி, கம்பெனி 1996-ல் மூடிவிட்டார்கள். ஒரே சிலிண்டர், இரண்டு பக்கமும் சைலன்சர். கியர் லீவரையே உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் அதுவே கிக்கர். முதல்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குப் பதினாலு வயசு. வண்டிக்குக் கிக்கரே இல்லையே என்று நான் சுற்றிச் சுற்றித் தேட, பாய் ஒரு வார்த்தை பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் வந்து காலால் திருப்பிக் காட்டினார். 1988-ல் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்கு வண்டி போகவேண்டுமானால் ரயிலில்தான். அந்த யெஸ்டியும் அப்படி ரயிலேறிப் போய் வந்ததுதான்.

பாய் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. ஷெட்டில் வைத்தால் காற்று தின்றுவிடும் என்று வீட்டுக்குள், அடுப்படிக்குப் போகிற வழியில் நிற்கிறது. ஹேண்டில்பாரில் இப்போது ஒரு மஞ்சப் பையும் அரிசி சல்லடையும் தொங்குகின்றன. போன கார்த்திகையில் மழை விட்ட ஒரு சாயங்காலம் அதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டினேன். திரும்பி வந்து நிறுத்தியதும் சல்லடை பழைய இடத்துக்கே போய்விட்டது.