எந்த நாளைக் கேட்கிறீர்கள்?

கேள்வி: ஒரே ஒரு நாளைக்கு உறவினர் ஒருவராக வாழ்ந்து பார்க்கலாம் என்று வரம் கிடைத்தால், ஆசிரியர் யாராக வாழ விரும்புவார்? நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாளாக வாழ்வேன். நிலக்கீழ் அறையோடு கூடிய பெரிய வீடு, சொந்தக் கார், மாமியார் வந்து நிற்காத சமையலறை. வேறு என்ன வேண்டும்?

வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: வீட்டைக் கேட்டீர்கள், காரைக் கேட்டீர்கள், எந்த நாள் வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டீர்கள். உங்கள் மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் கோடைகாலத்துச் சனி, ஞாயிறுகளில் எடுக்கப்பட்டவையாக இருக்கும். வரம் தருகிறவர் உங்களைத் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? இங்கே மாலை ஆறரைக்கு நீங்கள் சுவாமி விளக்கேற்றும்போது அங்கே காலை எட்டு மணி. சூரியன் அப்போதுதான் தலைகாட்டியிருக்கும், உங்கள் மச்சாளோ அதற்கு முன்பே காரின் மேலிருந்த பனியைச் சுரண்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் புறப்பட்டிருப்பார். மாலை ஐந்து மணியளவில் மறுபடியும் இருட்டிவிடும். நீங்கள் ஆசைப்படும் அந்த நிலக்கீழ் அறையிலும் வேறு யாராவது வாடகைக்கு இருக்கக்கூடும். அந்த வாடகை வராவிட்டால் வீட்டுக் கடனின் மாதத் தவணை இடிக்கும் வீடுகள் அங்கே பல உண்டு. படத்தில் விழுகின்ற அளவுக்குத்தான் மச்சாளின் வாழ்க்கையை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு நிபந்தனையையும் நீங்கள் தெளிவாக்கவில்லை. அங்கே போகும்போது உங்கள் நினைவு உங்களோடு வருமா, வராதா? வருமென்றால் நீங்கள் மச்சாளாக வாழப்போவதில்லை, மச்சாளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவருடைய வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள். அதற்கு வரம் தேவையில்லை, விசா போதும். வராதென்றால் அன்று முழுவதும் நீங்கள் மச்சாளேதான், ஆகவே அவருடைய முதுகு வலியும் அவருடைய கணக்கு வழக்கும் அவருடைய ஏக்கமும் உங்களுடையவை. ஆடிவேல் விழாத் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது காலி வீதி ஓரத்தில் நின்று பார்த்ததையும், ஒழுங்கையின் முடிவில் தண்டவாளத்துக்கு அப்பால் தெரியும் கடலையும் நினைத்து, வெள்ளவத்தையில் இருப்பவள் கொடுத்து வைத்தவள் என்று உங்களைப் பார்த்தே நீங்கள் பொறாமைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். மறுநாள் இங்கே கண் விழிக்கும்போது அதில் ஒன்றும் நினைவிருக்காது.

கூடுவிட்டுக் கூடு பாய்வதில் இந்தச் சிக்கல் இருக்கிறதென்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் திருமூலரின் வரலாற்றை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடக்கிறான். அவனைச் சுற்றி நின்று பசுக்கள் கதறுகின்றன. அந்த வழியாக வந்த யோகியார் அவற்றின் துயரைத் தீர்ப்பதற்காகத் தம்முடைய உடலை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் அவை தாமாகவே வீடு திரும்புகின்றன, அவரும் பின்னால் போகிறார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகவே நடக்கிறது. அவரைத் தேடி வந்த மூலனின் மனைவி தொடப் போனபோது, உனக்கும் எனக்கும் உறவொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் ஊர்ப் பொது மடத்தில் போய் இருந்துவிடுகிறார். மாட்டை மேய்ப்பதற்கு மூலனின் உடல் போதுமாக இருந்தது; அந்தப் பெண்ணுக்குக் கணவனாக இருப்பதற்கு அது போதவில்லை. மறுநாள் தம்முடைய உடலைத் தேடிப் போனார், வைத்த இடத்தில் அது இல்லை. சிவனருளால் நேர்ந்தது என்று சேக்கிழார் சொல்கிறார். உங்களுக்கு அப்படி நேர்ந்தால், மாமியார் நிற்கின்ற அந்தச் சமையலறையில் உங்கள் மச்சாள் நிரந்தரமாக அகப்பட்டுக்கொள்வார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மாமியார் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்துக்கு இதே கேள்வி முன்னரும் வந்திருக்கிறது. கடல் கடந்த உறவினரை விரும்பியவர்கள் பலர், ஒரே கூரையின் கீழ் இருப்பவரை விரும்பியவர் ஒருவரும் இல்லை. கூட இருப்பவரைத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் மாமியார் எந்த நேரத்தில் பிரஷர் குளிசை போடுவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவரைத் தோழிமார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது தெரியுமா? 83 ஜூலைக் கலவரத்தில் அவர் எந்த வீட்டில், யாருடைய பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஒளிந்திருந்தார் என்பது தெரியுமா? மாமி என்று கூப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு அதற்கு முன்னால் ஒரு வயது இருந்ததாகவே நாம் எண்ணுவதில்லை.

இனி என்னுடைய முறை. நான் என் அப்பாவைக் கேட்பேன். நாளையும் சேர்த்தே கேட்பேன்.

கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் லிகிதர். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கி 1956இல் வந்த அரச கரும மொழிச் சட்டம் 1961 தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் கோப்பு எழுதிப் பழகிய தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டியிருந்தது, தேறாதவர்களுக்கு ஆண்டுச் சம்பள உயர்வு நின்றது. நாற்பது வயதைத் தாண்டிய அப்பா, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு முதலாம் வகுப்புச் சிங்களப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. தெருவில் பந்தடித்தே சிங்களம் எனக்கு வந்துவிட்டிருந்தது. ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, தாம் வாசிப்பது சரியா என்று பார்க்கச் சொன்னார். தமிழில் ஒரேயொரு ககரத்தை வைத்துக்கொண்டு எல்லா ஒலியையும் சமாளித்த நாக்கு அது. சிங்களத்தில் அதற்கு நான்கு எழுத்துகள். வீட்டைக் குறிக்கும் 'கெதர' என்ற சொல்லை அவர் வாசித்தபோது முதலெழுத்து கல்லைப் போல விழுந்தது. (அவர் எப்படிச் சொன்னார், எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதை வேறுபடுத்தி அச்சிட இந்தப் பக்கத்திலும் எழுத்தில்லை.) நான் சிரித்தேன். சின்னச் சிரிப்பில்லை, பக்கத்து அறையிலிருந்த அம்மா எட்டிப் பார்க்கின்ற அளவுக்குச் சிரித்தேன்.

அடித்திருக்கலாம், அடிக்கக்கூடியவர்தான். பென்சிலை எடுத்து அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, "நீ போய்ப் படு, தம்பி" என்றார்.

அந்த நாளைத்தான் கேட்பேன், காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனதிலிருந்து அந்தக் கோட்டைப் போட்டது வரைக்கும். என் நினைவு கூட வரவேண்டாம். திரும்பி வந்தபின் ஒன்றும் ஞாபகம் இருக்காது என்பதற்கும் சம்மதம், அன்று சிரித்த பிள்ளையை நான் ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பேன்.

அப்பா அந்தப் பரீட்சையில் இரண்டாம் முறை தேறினார். அதற்காக எங்கே, யாரிடம் வாசித்துக் காட்டிப் படித்தார் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அந்தப் புத்தகத்தை நான் அதற்குப் பிறகு காணவில்லை.