துணி தாங்குகிற டிசைன் எது? – எம்ப்ராய்டரி கேள்வி பதில்

கேள்வி: புதிதாக எம்ப்ராய்டரி மெஷின் வாங்கியிருக்கிறேன். துணியை மாட்டும் ஃபிரேம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பண்டிகைக்கு டவல், கைக்குட்டை, குழந்தைகளுக்கு டிஷர்ட் என்று 12 பேருக்கு என் கையாலேயே பரிசு தைக்க ஆசை. ஆனால் திரையில் அவ்வளவு அழகாக இருக்கும் டிசைன், துணியில் ஏறியதும் அட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது. சுற்றிலும் சுருக்கம் வேறு. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் தைப்பதில் பெரிய தவறு இருக்காது. அந்த டிசைன் அந்தத் துணிக்கு ஆனதில்லை, அவ்வளவுதான். மெஷின் வாங்கிய முதல் வருடம் என் அக்கா மகனுக்கு டிஷர்ட்டில் நெஞ்சு நிறைய ஒரு நட்சத்திரம் தைத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு நாள் போட்டான். உள்ளே குத்துகிறது என்று கழற்றிவிட்டான். துவைத்துக் காய்ந்ததும் பார்த்தால் நட்சத்திரம் தகடு மாதிரி நிற்கிறது, அதைச் சுற்றிப் பனியன் துணி அலை அலையாக எழும்பியிருக்கிறது. குழந்தை ஆசையாகப் போட்டுக்கொள்ள வேண்டியது பெட்டிக்குள் போனதே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அதிலிருந்து படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தையல் எண்ணிக்கையைப் பார்த்துவிடுகிறேன். எல்லா டிசைனுடனும் அது போட்டிருக்கும். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. சதுரம் முழுவதையும் 0.4 மி.மீ. இடைவெளியில், 4 மி.மீ. நீளத் தையலால் நிரப்பினாலே சுமார் 6,250 தையல்தான் ஆகும். அதே அளவுப் படம் 18,000 தையல் கேட்கிறது என்றால், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கனமான பைக்கு அது சரி. டிஷர்ட்டுக்கும் கைக்குட்டைக்கும் வேண்டவே வேண்டாம்.

கைக்குட்டைக்குக் கோட்டுத் தையலில் ஓடும் சின்னப் பூங்கொத்து, ஒற்றை மணி, மெல்லிய நட்சத்திரம் போதும். ஓரமாக ஒரு மூலையில் வையுங்கள். கைக்குட்டையின் பின்பக்கமும் கண்ணில் படும் என்பதால் அடிநூல் சுற்றும் பாபினிலும் அதே நிற நூலைப் போட்டு, அடியில் தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசர் (தைக்கும்போது துணியைத் தாங்கும் தாள்) வைத்துத் தையுங்கள். அலசியதும் தாள் இருந்த தடமே இருக்காது.

டவல் இதற்கு நேர் எதிர். மெல்லிய கோடெல்லாம் அந்தப் பஞ்சு வளையங்களுக்குள் புதைந்துவிடும். புல் முளைத்த மாதிரி நூலுக்கு நடுவே டவலின் இழை எட்டிப்பார்க்கும். அதனால் பட்டையான சாட்டின் தையல் (நூல் இடைவெளியின்றி நெருக்கமாகப் படியும் தையல்) உள்ள டிசைனாக எடுங்கள். டவலின் மேலே கரையும் ஃபிலிம் ஒன்றைப் பரப்பித் தையுங்கள். முடிந்ததும் கிழித்துவிட்டு, இடுக்கில் ஒட்டியிருப்பதை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். தடித்த டவலை ஃபிரேமில் இறுக்கினால் தடம் பதிந்துவிடும். நான் ஸ்டெபிலைசரை மட்டும் ஃபிரேமில் மாட்டி, அதன்மேல் டவலை ஒட்டிவைத்துத் தைக்கிறேன்.

டிஷர்ட்டுக்கு முனை உருண்ட 75/11 அளவு ஊசி, வெட்டி எடுக்கும் வகை ஸ்டெபிலைசர். கிழிக்கும் வகை வேண்டாம். நாலு தடவை துவைத்தால் தையலுக்கு அடியில் பிடிப்பே இருக்காது. இன்னொன்று, மாட்டும்போது துணியை இழுக்காதீர்கள். இழுத்து மாட்டிய பனியன் துணி, ஃபிரேமிலிருந்து எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தையல் விடாது. நீங்கள் சொன்ன சுருக்கம் பெரும்பாலும் அதுதான்.

அப்புறம், 12 பேர் என்கிறீர்கள். நிறத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். 7 நிற டிசைனில் ஒரு தடவை நூல் மாற்ற 2 நிமிடம் என்று வைத்தாலும், 12 உருப்படிக்கு நூல் மாற்றவே 2 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். 2 நிற டிசைனை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தில் ஒரு பழைய துணியில் முதலில் தைத்துப் பாருங்கள்.

கேள்வி: பிடித்த டிசைன் என் ஃபிரேமைவிடக் கொஞ்சம் பெரியது. மெஷினிலேயே சுருக்கிக்கொள்ளலாமா?

பதில்: 10 சதவீதம் வரை சுருக்கலாம். அதற்கு மேல் போனால், அளவுக்கு ஏற்பத் தையலையும் குறைத்துத் தரும் மென்பொருள் வேண்டும். 20 சதவீதம் குறைத்தால் பரப்பு 64 சதவீதமாகிவிடுகிறது. தையல் குறையாவிட்டால் அத்தனையும் அதற்குள்தான் விழ வேண்டும். ஊசி உடைவது அங்கேதான்.

கேள்வி: ஜரிகை நூல் போட்டாலே அறுந்துகொண்டே இருக்கிறது. பண்டிகைப் பரிசுக்கு அது இல்லாமல் மனம் வரவில்லை.

பதில்: விட்டுவிடாதீர்கள், அந்த மினுக்கு வேறெதிலும் வராது. ஜரிகை நூல் என்பது உள்ளே ஒரு இழை, அதன்மேல் சுற்றிய மெல்லிய தகடு. சின்னக் காதுள்ள ஊசியில் உரசி உரசித் தகடு உரிந்து, பிறகுதான் அறுகிறது. காது பெரிதாக உள்ள 90/14 ஊசி போடுங்கள். மேல்நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள். வேகத்தை நிமிடத்துக்கு 400 தையல் அளவுக்கு இறக்குங்கள். நூல்கண்டை மெஷினிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்திவைத்தால் வழியிலேயே முறுக்குத் தளர்ந்துவிடும். படம் முழுவதையும் ஜரிகையால் நிரப்ப வேண்டாம். நட்சத்திரத்தைச் சாதாரண நூலில் தைத்து, ஓரக்கோட்டை மட்டும் கடைசியாக ஜரிகையில் ஓட்டுங்கள்.

தைத்து முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை ஜரிகைமேல் வைத்துவிடாதீர்கள். தடித்த டவல் ஒன்றை விரித்து, தையல் பக்கம் அதில் படும்படி கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து மிதமான சூட்டில் ஒற்றி எடுங்கள்.