பறக்கும்போதே ஆர்சி (ரிமோட்ல ஓட்டுற) பிளேன்ல பவர் போயிருது, பேட்டரி புதுசு, ஏன்?

மோட்டார் மட்டும் நின்னுச்சா, இல்ல சர்வோவும் (ரெக்கை, வால் மடிப்புகள அசைக்குற குட்டி மோட்டார்) சேர்ந்து செத்துச்சான்னு முதல்ல யோசிங்க. மோட்டார் மட்டும்னா பெரும்பாலும் வோல்ட்டேஜ் இறங்கி இஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) கட் பண்ணிருக்கும், த்ராட்டில ஜீரோவுக்கு கொண்டுவந்து மெதுவா குடுத்தா கொஞ்சம் ஓடும், அதுலயே இறக்கிருங்க. ரெண்டும் போச்சுன்னா பேட்டரி கனெக்டர், இல்லன்னா பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் பவர் குடுக்குற பகுதி).

என் சந்தேகம் கனெக்டர்தான். எக்ஸ்டி60ல (பேட்டரிய மாட்டுற கனெக்டர் வகை) சாலிடர் மேலோட்டமா ஒட்டியிருக்கும், வயருக்குள்ள இறங்கியிருக்காது, தரையில நல்லாத்தான் ஓடும், மேல போய் ஃபுல் த்ராட்டில் அடிக்கும்போது கரண்டும் வைப்ரேஷனும் சேர்ந்து அங்கதான் சூடாகி விட்டுரும். லேண்ட் பண்ணதும் தொட்டுப் பாருங்க, வயர விட கனெக்டர் சூடா இருந்தா ஜாயின்ட் சரியில்ல இல்ல பின் லூசு. திரும்ப சாலிடர் பண்றப்போ அதோட ஜோடி கனெக்டர மாட்டி வச்சுக்கோங்க, பிளாஸ்டிக் இளகினாலும் பின் கோணாது.

லைப்போ பேட்டரில மொத்த வோல்ட்டேஜ் மட்டும் பாக்காம ஒவ்வொரு செல்லா பாருங்க, ஃபுல்லுன்னா 4.2 வோல்ட், லோடுல 3.5 வந்தா இறக்கிரணும், 3க்கு கீழ விட்டா செல் கெட்டுரும். பறக்காத நாள்ல 3.8ல வைங்க. உப்பிப்போன பேக்க மட்டும் தயவுசெஞ்சு சார்ஜ் போடாதீங்க, தீப்பிடிச்சுரும்.