பசிபிக் தீவு மக்களிடையே கள ஆய்வு: கேள்வி பதில்

சுதா: ஃபிஜி கிராமம் ஒன்றில் மீன்பிடி பற்றி ஆய்வு. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளுக்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். மாகாண அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். துராங்க நி கோரோவிடம், அதாவது கிராம நிர்வாகியிடம், வரும் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு வேண்டாம்.

போனதும் செவுசெவு, அதாவது ஊருக்குள் வர அனுமதி கேட்டுக் காணிக்கை தரும் சடங்கு. காய்ந்த யங்கோனா (கவா) செடியின் வேர், அரைக் கிலோ கட்டு. பொடியாக வாங்காதீர்கள், சடங்குக்கு வேர்தான். அதை ஒப்படைத்துப் பேச உள்ளூர்க்காரர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். முழங்கால் மறைய சுலு, அதாவது இடுப்புத் துணி, கட்டுங்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஊருக்கு வெளியிலேயே கழன்றுவிட வேண்டும். பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடியுங்கள். யங்கோனா வேரைக் கரைத்த பானம் கிண்ணத்தில் வந்தால் ஒரு கைதட்டு, ஒரே மூச்சில் குடித்து, மூன்று கைதட்டு. கொஞ்சம் போதுமென்றால் ‘லோ டைட்’ என்றால் புரிந்துகொள்வார்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: கரைக்கு எதிரே இருக்கும் மீன்பிடிப் பரப்பின் மரபுரிமை பக்கத்து ஊர்க் குலத்திடம் இருக்கலாம். அப்படியானால் அங்கேயும் தனியாக ஒரு செவுசெவு.

ராகவன்: பசிபிக் மக்களுக்கான கேள்வித்தாள் மாதிரி கிடைக்குமா?

எந்தத் தீவு? அதைச் சொல்லாமல் மாதிரி தர முடியாது.

புவனா: யங்கோனா குடிக்கும்போதே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கலாமா?

வாங்காதீர்கள். அது மது இல்லைதான், ஆனால் உடலையும் மனதையும் தளர்த்தும். நெறிமுறைக் குழு கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. படிவமும் ரெக்கார்டருக்கான அனுமதியும் கிண்ணம் சுற்ற ஆரம்பிக்கும் முன், அல்லது மறுநாள் காலை. தலைவர் சம்மதித்துவிட்டார் என்பதற்காக எல்லோரும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரிடமும் தனியே கேளுங்கள்.

முகிலன்: தலனோவா என்பது கட்டற்ற நேர்காணலுக்கு வைத்த புதுப்பெயர்தானே?

பாதி சரி. தலனோவா என்றால் இருபக்கமும் மனம்விட்டுப் பேசும் பசிபிக் மரபு உரையாடல். பசிபிக் ஆய்வாளர்களுக்குள்ளேயே இந்த விமர்சனம் இருக்கிறது. பெயர் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். 2000 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஃபிஜியில் டோங்கா அறிஞர் சிதிவேனி ஹலாபுவா நடத்திய சமரசப் பேச்சும் தலனோவா, 2006-இல் டிமோட்டே வையோலெட்டி நியூசிலாந்திலிருந்து எழுதிய ஆய்வுமுறையும் தலனோவா, 2018-இல் ஐ.நா. காலநிலை உரையாடலும் தலனோவா. முக்கால் மணி நேரம் பட்டியல் போட்டுக் கேட்டுவிட்டு அந்தப் பெயரை ஒட்டினால் அது நேர்காணல்தான்.

வித்தியாசத்தை எழுத்துப்படியில் பார்க்கலாம். அவர்கள் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டார்கள்? உங்கள் குடும்பம், ஊர், ஆய்வுக்குப் பணம் தருவது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால் தலனோவா நடக்கவில்லை. முறையியல் அத்தியாயத்தில் உங்களை அறிமுகப்படுத்தியவர் யார், யார் எங்கே உட்கார்ந்தார்கள், முதலில் பேசியவர் யார், உங்களைப் பற்றி என்ன சொன்னீர்கள், எப்போது முடிந்தது, யார் முடித்தார் என்பதெல்லாம் வர வேண்டும்.

முகிலன்: ஆய்வாளர் தன் கதையைச் சொன்னால் பதில்கள் அந்தப் பக்கம் சாயாதா?

சாயும். வாய் மூடி உட்கார்ந்தாலும் சாயும்: விருந்தாளி மனம் கோணக்கூடாதென்று நீங்கள் விரும்புவதையே சொல்லி அனுப்புவார்கள். அதனால் உங்கள் பேச்சையும் வெட்டாமல் எழுத்தாக்கி, மற்றவர் பேச்சைப் போலவே குறியிடுங்கள். அதே விஷயத்தை வேறொருவர் நடத்தும் இன்னொரு குழுவிலும் கேட்டு ஒப்பிடுங்கள்.

அகிலா: முகிலன் சார் சொல்வதுதான் சரி. இது அறிவியலே இல்லை.

மேலே இரண்டு முறை பதில் எழுதிவிட்டேன்.

தேன்மொழி: ஆக்லாந்தில் டோங்கா குடும்பங்களோடு பாலியல் நலம் பற்றிக் குழு உரையாடல். ஒரே குடும்பத்தார் சேர்ந்து வரலாமா?

கூடாது. அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஒரே அறையில் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. அது ஃபகஅபஅபா என்னும் மரியாதை. ஒருவர் எழுந்து போவார், அல்லது எல்லோரும் சிரித்து மழுப்புவார்கள். நீங்கள் அதை ‘ஆர்வமின்மை’ என்று எழுதிவைப்பீர்கள்.

தமிழர்கள் குறிப்பாக வழுக்கும் இடம் இது. நமக்கு அத்தை மகன், மாமன் மகள் முறைப்பிள்ளைகள். டோங்காவில் அவர்களும் உடன்பிறப்பு முறைதான். ஃபிஜியிலோ கணக்கு நம்முடையதைப் போல: அத்தை, மாமன் பிள்ளைகளோடு கேலி கிண்டல் தாராளம், பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோடு ஒதுக்கம். மானிடவியலார் அந்த முறையைத் ‘திராவிட வகை’ என்றே வகைப்படுத்துகிறார்கள். ஃபிஜியில் பழகிய கையோடு டோங்கா குழுவைக் கூட்டினால் எல்லாம் கெடும். ஆண், பெண் தனித்தனிக் குழு. நடத்துபவரும் அதே பாலினம். பெயர்ப்பட்டியலை உறவு தெரிந்த மூத்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

கதிர்: பசிபிக் மக்களுக்குப் பொதுவான கேள்வித்தாள்...

எந்தத் தீவு?

லோகேஷ்: ஃபிஜியில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்களிடமும் செவுசெவு கொடுக்க வேண்டுமா?

அது பூர்வகுடிகளின் மரபு. 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களின் சந்ததியை அணுக, 1926-இல் தொடங்கிய, ‘சங்கம்’ எனப்படும் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் வழி போங்கள். நேர்காணலை ஃபிஜி இந்தியில் திட்டமிடுங்கள். தமிழ் போதும் என்று நினைத்தால் தாத்தா பாட்டிகளோடு ஆய்வு நின்றுவிடும்.

நிர்மலா: ஆய்வேட்டை இமெயிலில் அனுப்பினால் போதுமா?

போதாது. டோங்கா கல்வியாளர் கோனாய் ஹெலு தாமான் வகுத்த ககலா (பூமாலை) என்னும் ஆய்வு முறையில் பூப் பறிப்பது, தொடுப்பது, பிறகு மாலையைக் கொடுத்துவிடுவது என்று மூன்று படி. கொடுக்காதவரை ஆய்வு முடியவில்லை. அவர்கள் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கத்தோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் போங்கள். ‘இதை எடுத்துவிடு’ என்று அவர்கள் சொன்னால் எடுக்க முடிய வேண்டும். பயணச் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள், பின்னால் யாரும் தரமாட்டார்கள்.