சி.ஐ.என். 2 புற்றாக மாறுமா என்பதை நோயெதிர்ப்பு ஏற்பிகளைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கேள்வி இது: "சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 46 வயது. கர்ப்பப்பை வாயில் சதை எடுத்துப் பார்த்ததில் சி.ஐ.என். 2 என்று வந்திருக்கிறது. டாக்டர் லீப் செய்துவிடலாம் என்கிறார். அம்மாவுக்குப் பயம். டி.எல்.ஆர். என்ற ஏற்பிகளைச் சோதித்தால் அது புற்றாகுமா, தானாக மறையுமா என்று தெரிந்துவிடும் என அண்ணன் படித்திருக்கிறார். ஈப்போவிலோ கே.எல்.லிலோ அந்த டெஸ்ட்டை எடுத்துவிட்டு முடிவு செய்யலாமா?"

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சி.ஐ.என். என்பது புற்று இல்லை, கர்ப்பப்பை வாயில் புற்றுக்கு முன்னால் வரும் செல் மாற்றம்; 1 லேசானது, 3 முற்றியது. லீப் என்பது மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுப்பது. அம்மாவுக்கு என்ன ஆகும் என்று முடிவு சொல்லும் அப்படியொரு டெஸ்ட் ஆஸ்பத்திரி நடைமுறையில் இல்லை. அதற்காக அண்ணன் படித்தது கட்டுக்கதையும் இல்லை. சதைத் துண்டுகளைச் சீவிச் சாயம் ஏற்றும் ஆய்வுக்கூட வேலையில் இருப்பவள் நான். எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.

டி.எல்.ஆர். (டோல் போன்ற ஏற்பிகள்) என்பவை செல்களில் இருக்கும் புரதங்கள், மனிதருக்குப் பத்து வகை உண்டு. தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகா மாதிரி, உள்ளே வரும் கிருமியின் அடையாளத்தைப் பார்த்து மற்றவர்களை எழுப்பிவிடுவது இவற்றின் வேலை. இதில் ஒன்பதாவது, டி.எல்.ஆர். 9, செல்லுக்குள்ளே இருந்துகொண்டு வைரஸ், பாக்டீரியா ஆகியவற்றின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி.யும் டி.என்.ஏ. வைரஸ்தான். அதன் 16ஆம் வகை, ஈ6, ஈ7 என்ற தன் இரண்டு புரதங்களால் டி.எல்.ஆர். 9 உற்பத்தியையே அமுக்கிவிடும் என்று ஆய்வுக்கூடச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இந்த ஏற்பி குறையக் குறைய நோய் முற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமே?

அங்கேதான் சிக்கல். நோயாளிகளின் சதையில் சாயம் ஏற்றிப் பார்த்த சில ஆய்வுகளில் நோய் முற்றும்போது டி.எல்.ஆர். 9 குறைந்திருக்கிறது. வேறு சிலவற்றில் படிப்படியாகக் கூடியிருக்கிறது! எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. இந்த ஏற்பிகள் மேல்தோல் செல்களிலும் இருக்கின்றன, அங்கே வந்து குவியும் நோயெதிர்ப்புச் செல்களிலும் இருக்கின்றன. எதை எண்ணினார்கள், ஏற்பியில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் எந்த எதிர்ப்புரதத்தைப் பயன்படுத்தினார்கள், சாயம் எவ்வளவு அழுத்தமாக இருந்தால் 'ஆம்' என்று போட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல ஆய்வுகள் சி.ஐ.என். 1 உள்ள ஒரு பெண்ணையும் புற்று வந்த இன்னொரு பெண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகின்றன. ஒரே பெண்ணை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தானே எது முன்கூட்டியே சொன்னது என்று தெரியும்?

சி.ஐ.என். 2 தானாக மறையும் என்பதும் உண்மைதான். 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வுப்படி, சிகிச்சை தராமல் கண்காணித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மறைந்தது. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அடுத்த கட்டத்துக்குப் போனது. இனிமேல் பிள்ளை பெற வேண்டிய இளம்பெண்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படிப் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். 46 வயதில் டாக்டர் லீப் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த அடுத்த கட்டமான சி.ஐ.என். 3ஐச் சரியாகச் சிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நியூசிலாந்தில், ஒருபோதும் நடந்திருக்கக்கூடாத விதத்தில், தெரியவந்தது. ஆக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி 1960களிலும் 70களிலும் பல பெண்களை அப்படி விட்டுவைத்தது. 30 ஆண்டுகளில் அவர்களில் ஏறக்குறைய 100க்கு 31 பேருக்குப் புற்று வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஒருவருக்குக்கூட வரவில்லை.

உண்மையிலேயே பயன்படுவது பி16 என்ற புரதத்தைக் காட்டும் சாயம். ஈ7 புரதம் செல்லின் ஆர்.பி. என்ற கட்டுப்பாட்டைக் கெடுப்பதால் பி16 குவிந்துவிடும். சி.ஐ.என். 2 என்று சொல்வதில் சந்தேகம் இருந்தால் அதே சதைத் துண்டிலேயே இதைப் பார்க்கலாம். பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள், தப்பாக நினைக்கமாட்டார். பி.டி.-எல்1 என்று இன்னொரு புரதச் சோதனையும் கண்ணில் படும். அது ஏற்கெனவே பரவிய அல்லது திரும்பி வந்த புற்றுக்கு பெம்ப்ரொலிசுமாப் மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, அம்மாவுக்குச் சம்பந்தமில்லை.

அப்புறம், 'கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்' என்று ரத்தப் பரிசோதனை விற்பவர்களிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். சி.ஐ.என். இருக்கிறதா, முற்றுமா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியாது.

லீப் பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடியும். கர்ப்பப்பையை எடுக்கமாட்டார்கள், அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள், பயம் பாதி அதுவாகத்தான் இருக்கும். பெண் டாக்டர் வேண்டும் என்றால் தேதி வாங்கும்போதே மிசியிடம் சொல்லிவையுங்கள். புண் ஆற சில வாரங்கள் ஆகும். அதுவரை உர மூட்டை, செம்பனைப் பழ மூட்டை எதையும் தூக்கக்கூடாது. எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் லேசான வேலை என்று ஒரு கடிதமும்.